மட்டத்தரையில் ஓட்டிக் காட்டியது

கண்ணை மூடினால் போதும், மீதியை உடம்பு பார்த்துக்கொள்ளும் என்று சாந்தாமணி சொல்வாள், ராத்திரி வேலைக்காரனைக் கட்டிக்கொண்டதால் பகலை இருட்டாக்கப் பழகிக்கொண்டவள், இன்றைக்கும் நான் குளித்துவிட்டு வருவதற்குள் சன்னலில் தன்னுடைய அரக்குச் சேலையைக் கட்டிவிட்டாள், அதன் வழியாக வருகிற வெயில் சுவரெல்லாம் அரக்காகக் கிடக்கிறது, கண்ணை மூடித்தான் இருக்கிறேன், மூடின கண்ணுக்குள்ளும் அரக்குத்தான். சுவருக்கு அந்தப்புறம் தறி ஓடுகிறது. பள்ளிபாளையத்தில் தறிச் சத்தம் இல்லாமல் தூங்கினவன் யார், சத்தம் நின்றால்தான் இந்தத் தெருவில் குழந்தைகள் முழித்துக்கொண்டு அழும், எனக்கும் இத்தனை வருசம் அதுதான் தாலாட்டு, இன்றைக்கு மட்டும் ஒவ்வொரு தறியும் தனித்தனியாக வந்து காதில் உட்காருகிறது. சுவர் ஓரத்துத் தறியில் குறுக்கே ஓடுகிற நாடா அடிக்கிற அடி ஒரு மயிரிழை பிந்துகிறது. பெல்ட் தளர்ந்திருக்கும். எழுந்து போய்ச் சொல்லலாம், ஏனுங், ஓரத்துத் தறியைக் கொஞ்சம் பாருங்க, சாயங்காலத்துக்குள்ள அறுத்துக்கும் என்று சொல்லலாம். அதைச் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது. எதிர்வீட்டு மோட்டாருக்கு பேரிங் போய்விட்டது என்று வாசலில் நின்று கத்திச் சொன்னவன் நான், கோயில் திருவிழா ஜெனரேட்டருக்கு டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று நாதசுரத்தை நிறுத்திச் சொன்னவன், அர்த்தநாரிக்குக் காதா அது, ஸ்டெதாஸ்கோப் என்று ஊர் சொல்லிச் சிரிக்கும், எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்ததில்லை, தறி மேஸ்திரிக்குப் பின்னால் சுற்றி, பிறகு லாரிக்கு அடியில் படுத்து, அடுத்தவன் கழற்றிப் போட்டதைப் பூட்டிப் பூட்டிக் கற்றுக்கொண்டது. காதெல்லாம் நல்ல காதுதான்.

கையில் எலுமிச்சம்பழ வாசம் போகவில்லை. சோப்புப் போட்டாயிற்று, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தாயிற்று, அது நகக்கண்ணுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. சங்ககிரியில் எங்கள் யார்டில், பழைய வண்டி வாங்கி விற்கிற யார்டு, ஒரு வழக்கம் இருக்கிறது. கைமாறின வண்டி டிரெய்லரில் ஏறுவதற்கு முன்னால் முன் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வேண்டும், வைக்க வேண்டியது விற்கிறவரும் இல்லை, வாங்குகிறவரும் இல்லை, கடைசியாக அந்த வண்டியில் பழுது பார்த்தவன். கை வைத்தவன் கையாலேயே வழியனுப்ப வேண்டும். அப்படி எத்தனையோ வண்டிக்கு வைத்திருக்கிறேன், பழம் நசுங்குகிற சத்தத்தில் ஒரு திருப்திகூட இருக்கும். இன்றைக்குக் காலையில், கல் அள்ளுகிற லோடர் ஒன்றை வாங்கின குவாரிக்காரர் காரை விட்டு இறங்காமல் போன் பேசிக்கொண்டிருந்தார், அவருடைய ஆப்பரேட்டர்தான் பழத்தைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தான். மாதையன் என்று பேர், பென்னாகரத்துப் பக்கம், என்னைவிடக் கொஞ்சம் இளையவன், சிரித்தால் ஈறு தெரிகிற ஆள். "கொஞ்சம் சத்தமாப் பேசுங்கண்ணா, கிரஷர்ல கெடந்து கெடந்து காது மந்தமாயிருச்சு. பொண்டாட்டி திட்டறது காதுல வுழாது, அந்த மட்டுக்கும் லாபம்" என்றான். காது கேட்காமல் எப்படியப்பா லோடர் ஓட்டறே என்று கத்திக் கேட்டேன். "குண்டியில தெரியும்ணா. சீட்டு அதிர்ற அதிர்ச்சியிலயே எந்தக் கியருன்னு சொல்லிருவேன்." யார்டில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபிறகு அவன் பக்கத்தில் வந்து, "ஆனா புதுசா வர்ற வண்டி, இதோட கொணம் எனக்குத் தெரியாது. நீங்கதான் ராத்திரியெல்லாம் இதுகூடவே கெடந்தீங்களாமே. நீங்க சொல்லுங்க, சவுண்டு எப்படிண்ணா இருக்கு?" என்று கேட்டுவிட்டு என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். மற்றவர்கள் கேள்வி கேட்டால் காதைக் கொடுப்பார்கள். இவன் கண்ணைக் கொடுத்தான். நல்லா இருக்குப்பா என்றேன்.

பொய் என்று சொல்ல முடியாது. எஞ்சின் அந்நேரத்துக்கு நல்லாத்தான் இருந்தது. மட்டத்தரையில் நின்றிருந்தது, சூடேறவில்லை, சீராக, ஒரு பிசிறு இல்லாமல், பானையில் உலை கொதிக்கிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தது, அந்நேரத்துச் சத்தத்தைக் கேட்டான், அந்நேரத்துச் சத்தத்தைச் சொன்னேன். இப்படியே மனசு சுற்றி வருகிறது, சுற்றி வந்து அதே இடத்தில் இடிக்கிறது. இப்போது டிரெய்லர் எங்கே போயிருக்கும். திருச்செங்கோடு மலை இடது பக்கம் வந்து பின்னால் போயிருக்கும், பரமத்தி வேலூர்ப் பாலத்தில் காவிரி தெரியும், அதைத் தாண்டினால் கரூர்ப் பக்கம், அங்கே குவாரி. குவாரி என்றால் பள்ளம். பள்ளம் என்றால் இறக்கம். இதற்கு முன்னால் வைத்திருந்தவர் அந்த லோடரை எங்களிடம் தள்ளிவிட்டதே அதன் கோளாறால்தான், "வண்டி தானா ரேஸ் ஆகுது, எவனாலயும் கண்டுபுடிக்க முடியல" என்று. தானாக ரேஸ் ஆனால் எல்லாரும் முதலில் கவர்னரைத்தான் திட்டுவார்கள், வேகம் கூடாமல் பிடித்து வைப்பது அதன் வேலை, பிடிக்கத் தவறினால் அதன்மேல்தானே பழி. நானும் அதில்தான் ஆரம்பித்தேன். ஆக்ஸிலேட்டர் கம்பியைக் கழற்றிவிட்டேன், ஸ்பிரிங் மாற்றிப் பார்த்தேன், டீசல் பம்ப்பை இறக்கிப் பிரித்து உள்ளே எதுவும் சிக்கவில்லை என்று பார்த்து மாட்டினேன், மீட்டர்தான் பொய் சொல்கிறதோ என்று இன்னொரு மீட்டரை மாட்டினேன். மீட்டர் பொய் சொல்லவில்லை. நிறுத்தி வைத்து ஓட்டினால் ஒன்றும் இல்லை, மணிக்கணக்கில் ஓட்டினாலும் ஒன்றும் இல்லை, நல்ல பிள்ளை மாதிரி இருந்தது. பிறகு என்னமோ தோன்றி, வண்டி கழுவுகிற வாட்டர் சர்வீஸ் சரிவில் கொண்டுபோய் மூக்கு கீழே பார்க்கிற மாதிரி நிறுத்தி, சூடேற விட்டு, கீழே இறங்கி, டயரில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் ஒரு நூல் மேலே போனது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. இன்னொரு நூல். யாரும் ஆக்ஸிலேட்டரைத் தொடவில்லை. சாவியைத் திருப்பினேன், நிற்கவில்லை. டீசல் குழாயையே கழற்றினேன், டீசல் என் காலில் கொட்டுகிறது, எஞ்சின் ஓடுகிறது, கூடிக்கொண்டே போகிறது. டீசல் இல்லாமல் ஓடுகிறது என்றால் வேறு எதையோ குடிக்கிறது என்று அர்த்தம். தன்னுடைய ஆயிலையே குடிக்கிறது. எஞ்சினுக்குக் காற்றைத் தள்ளுகிற டர்போவில் சீல் தேய்ந்திருக்கிறது, மட்டத்தில் நிற்கும்போது அங்கே போன ஆயில் ஒழுங்காகத் திரும்பி இறங்கிவிடும், வண்டி மூக்கைக் கவிழ்த்தால் அந்தக் குழாய்க்கு இறங்குகிற வாட்டம் போய்விடும், தேங்கின ஆயில் காற்றோடு சேர்ந்து எஞ்சினுக்குள் போகும், போனால் எரியும், எரிந்தால் வேகம், வேகம் கூடினால் இன்னும் இழுக்கும். அதை நிறுத்த ஒரே வழி மூச்சை அடைப்பது. இதற்கென்றே யார்டில் ஆணியில் தொங்குகிற பலகையை எடுத்துக் காற்றுக்குழாய் வாயில் வைத்து நெஞ்சைக் கொடுத்து அழுத்தினேன். ஒரு பெருமூச்சு மாதிரி விட்டு நின்றது. சாவியைத் திருப்பின பிறகும் தன்னையே குடித்துக்கொண்டு ஓடுகிற எஞ்சின். நானும் படுத்துத்தான் கிடக்கிறேன், மனசு நிற்கவில்லை.

கண்டுபிடித்த சந்தோசம் இருக்கிறதே, அதுதான் முதல் குற்றம் என்று இப்போது தோன்றுகிறது, ஆயில் கையோடு ஓடிப்போய் செங்கோடண்ணனை எழுப்பிச் சொன்னேன், யார்டுக்கு அவர்தான் முதலாளி, யாரும் கண்டுபிடிக்காததை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்லத்தானே ஓடினேன், அது ஆபத்து என்று சொல்லவா ஓடினேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு, "கெட்டிக்காரன்டா நீ. சரி, காலையில அவிய வந்தா மட்டத்துல ஓட்டிக் காட்டு" என்றார். குவாரிக்கு எடுத்துட்டுப் போறாங்கண்ணா, அங்க எறக்கம் இருக்கும் என்றேன். "எறக்கம் இல்லாத ஊரு எங்கப்பா இருக்குது? நாம விக்கிறது பழைய வண்டி. பழசுன்னு கேட்டுலயே போர்டு வச்சிருக்கறேன். புதுப் பொண்ணுன்னு சொல்லியா கட்டி வக்கிறோம்?" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார். அவ்வளவுதான் அவர் சொன்னது. இதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன், அவர் அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இப்போது அவர்மேல் போட்டுவிட்டுத் தூங்கியிருப்பேன். மட்டத்தில் ஓட்டிக் காட்டு என்றார். ஓஸைத் துடை என்று சொல்லவில்லை. அதை நானாகத்தான் செய்தேன். காற்றுக்குழாயின் ரப்பர் ஓஸைக் கழற்றி, உள்ளே வழிந்திருந்த ஆயிலை பனியன் வேஸ்ட் துணியால் துடைத்து, டீசல் ஊற்றிக் கழுவி, மறுபடி காய்ந்த துணியால் துடைத்து, தாயம் விளையாடுகிறவன் கட்டம் அழிக்கிற மாதிரி சுத்தமாக அழித்தேன், ஆயிலையும் கொஞ்சம் வடித்து அளவுக் கம்பியில் கீழ்க்கோட்டுக்கு இறக்கி வைத்தேன், அப்போதுதான் காட்டும் நேரத்தில் கசியாது. ஏன் செய்தேன். வேலையை அரைகுறையாக விடுகிற பழக்கம் எனக்கு இல்லை என்பதாலா. வாங்குகிறவன் விவரம் தெரிந்தவனாக இருந்தால் முதலில் அந்த ஓஸுக்குள்தான் விரலை விடுவான், விரல் ஈரமாக வந்தால் செங்கோடண்ணன் என்னைத் திரும்பிப் பார்ப்பார், அந்தப் பார்வைக்குப் பயந்தா. பார்வைக்கா, வேலை போய்விடும் என்றா. நாற்பத்தெட்டு வயசில் வெளிச்சத்தில் போய் யாரிடம் வேலை கேட்பது.

மாதையன் விவரம் தெரிந்தவன்தான். காது கேட்காவிட்டால் என்ன, விரல் இருக்கிறதே. யாரும் சொல்லாமல் பானெட்டைத் தூக்கி, கிளிப்பைத் தளர்த்தி, ஓஸுக்குள் ஆள்காட்டி விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி வெளியே எடுத்தான். சூரியனுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். பிறகு அந்த விரலை என் பக்கம் நீட்டிக் காட்டி, "சுத்தம்ணா" என்றான். ஈறு தெரியச் சிரித்தான். ஒரு வேலைக்காரன் இன்னொரு வேலைக்காரனை மெச்சுகிற சிரிப்பு. அந்த விரல். அரக்கு வெளிச்சத்தில் சுவரில் அந்த விரல்தான் நிற்கிறது, காய்ந்த விரல், சன்னல் கம்பியின் நிழல்தான் அது, எனக்குத் தெரியும், திரும்பிப் படுத்தாலும் தெரியும். ஒன்றும் ஆகாது என்று எத்தனை விதமாகச் சொல்லிக்கொள்ளலாம். குவாரியில் வேறு மெக்கானிக் இருப்பான். ஆயில் குறைவாக இருக்கிறதே என்று பார்ப்பான், பார்த்தால் சந்தேகப்படுவான். சந்தேகப்படுவானா, இல்லை, நல்ல மனசோடு ஒரு கேன் ஆயிலை எடுத்து மேல்கோடுவரை ஊற்றுவான். ஊற்றினால் நான் வடித்த வடிப்பும் போயிற்று. முன்பு ஒருமுறை யார்டில் ஒரு டோசர் இப்படிப் பிய்த்துக்கொண்டு போனது, பலகை எடுக்க ஓடுவதற்குள் எஞ்சின் அலறி, பக்கவாட்டைப் பொத்துக்கொண்டு ஒரு இரும்புத் துண்டு வெளியே வந்து வேப்பமரத்தில் சொருகியது, பிடுங்கவே முடியவில்லை, மரப்பட்டை அதைச் சுற்றி வளர்ந்து இப்போது ஒரு முண்டு மாதிரி இருக்கிறது, அங்கே டீ டம்ளர் வைக்கிறோம். அன்றைக்கு ஓட்டினவன் முதல் அலறலிலேயே குதித்துவிட்டான். காது கேட்டது, குதித்தான். மாதையனுக்குச் சீட்டு அதிர்கிற அதிர்ச்சி வந்து சேர்வதற்குள் வண்டி பள்ளத்துப் பாதையில் பாதி தூரம் போயிருக்கும், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. கியரில் இருந்தால் வண்டி பாயும், நியூட்ரலில் போட்டால் எஞ்சின் வெடிக்கும், சாவியைத் திருப்புவான், நிற்காது, ஏன் நிற்கவில்லை என்று யோசிப்பான், விரல் சுத்தமாகத்தானே இருந்தது என்று யோசிப்பான்.

"ஏனுங், தூங்கலீங்களா? பொரண்டு பொரண்டு படுக்கறீங்க." சாந்தாமணி வாசற்படியில் முறத்தோடு நிற்கிறாள். கண்ணைத் திறக்காமல் தூங்கிட்டேன் என்றேன். "தூங்கினவன் பேசற தூக்கத்த இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்தவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், கை ஜில்லென்று இருந்தது, பிறகு மூக்கைச் சுளித்து, "இன்னிக்கும் வண்டி போச்சா? எலுமிச்சை மணக்குது" என்றாள். ஆமா என்றேன். "நல்லபடியா போயிச் சேரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வண்டி போகிற ஒவ்வொரு நாளும் அவள் சொல்கிறதுதான், யாரோ எங்கேயோ ஓட்டப் போகிற வண்டிக்கு, பல்லியைப் பார்த்துச் சொல்கிற மாதிரி பழக்கத்துக்குச் சொல்கிறது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். போன் தலைமாட்டில்தான் இருந்தது, காலையில் அவனே என் நம்பரை வாங்கி ஒரு ரிங் கொடுத்திருந்தான், "ஏதாச்சும் சந்தேகம்னா கூப்புடுவேன், கோவிச்சுக்காதீங்க, கத்திப் பேசுங்க, போன் சட்டைப் பையில இருந்தா நெஞ்சுல அதிரும், அப்பத்தான் எனக்குத் தெரியும்." நம்பரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கூப்பிட்டால் குவாரிக்காரர் செங்கோடண்ணனைக் கூப்பிடுவார், வண்டி திரும்பி வரும், நான் வேலையை விட்டுப் போக வேண்டியிருக்கும். செங்கோடண்ணன் கெட்ட மனுசர் இல்லை, சாந்தாமணிக்கு ஆபரேசன் ஆனபோது ஆஸ்பத்திரி பெஞ்சில் என்கூட உட்கார்ந்திருந்தவர். அவரைக் காட்டிக்கொடுப்பதா. காட்டிக்கொடுப்பது யாரை, துடைத்தது நான்தானே. பச்சைப் பொத்தானை எப்போது அழுத்தினேன் என்று தெரியவில்லை, ரிங் போகிறது, தறிச் சத்தத்துக்குள் ரிங் போகிறதா என்று காதில் வைத்து அழுத்திக்கொண்டேன், போகிறது, அவன் நெஞ்சில் அதிர்ந்துகொண்டிருக்கும், எடுக்கவில்லை, எடுக்கவில்லை, டிரெய்லரிலிருந்து வண்டியை இறக்கிக்கொண்டிருக்கிறானோ, அல்லது வண்டிமேலேயே உட்கார்ந்து, வண்டி அதிர்கிற அதிர்ச்சியில் போன் அதிர்வது தெரியாமல்.

"ஆராது?" என்றான். சங்ககிரி அர்த்தநாரி என்று கத்தினேன். "ஆருங்க?" வாசலுக்கு ஓடிவந்துவிட்டேன், அங்கே இன்னும் சத்தம், தெருவில் இரண்டு பக்கமும் தறி, நானும் தொண்டை கிழிய, "யார்டுலருந்து அர்த்தநாரி! பழம் வச்சேன்ல, அந்த ஆளு!" "அட, அண்ணா! வண்டி வந்து சேந்துருச்சுண்ணா. எறக்கியாச்சு. முதலாளி கற்பூரம் காட்டிட்டாரு. ஆயில் கொஞ்சம் கம்மியா இருந்துச்சு, மேல் கோடு வரைக்கும் ஊத்திட்டேன். இப்பக் கீழ எறக்கப் போறோம்." எறக்காதே என்று கத்தினேன். "என்னங்கண்ணா?" எறக்காதே, மாதையா, எறக்காதே. "ஏண்ணா, நீங்கதான் நல்லா இருக்குன்னு சொன்னீங்களே?" அதில் கோபம் இல்லை, சந்தேகமும் இல்லை, வெறுமனே கேட்டான், வழி கேட்கிற மாதிரி. வேப்பமரமும் டர்போவும் வாட்டமும் ஆயிலும் எல்லாம் வாய்க்குள் வந்து அடைத்துக்கொண்டது, இதில் எதைக் கத்தினாலும் அவனுக்கு முழுசாகப் போய்ச் சேராது, போய்ச் சேருகிற அளவுக்குச் சின்னதாக ஒன்றுதான் இருந்தது, மூச்சை இழுத்துப் பிடித்து, "நான் பொய் சொன்னேன்! ஓஸுல ஆயில் இருந்துச்சு, நாந்தான் தொடச்சு வச்சேன்!" என்று கத்தினேன், கத்த ஆரம்பித்தபோது தறி ஓடிக்கொண்டிருந்தது, கத்தி முடித்தபோது கரண்ட் போயிருந்தது. தெருவே ஒரே அடியில் நின்றுவிட்டது. நாந்தான் தொடச்சு வச்சேன் என்பது மட்டும் எதிர்வீட்டுச் சுவரில் போய் முட்டி என்னிடமே திரும்பி வந்தது. தறியில் பாவு பூட்டிக்கொண்டிருந்தவர் சன்னலில் எட்டிப் பார்த்தார். எங்கேயோ ஒரு குழந்தை முழித்துக்கொண்டு அழுதது. சாந்தாமணி முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

அந்த அமைதியில்தான் போனுக்குள் எஞ்சின் ஓடுவது கேட்டது. இத்தனை நேரம் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. மூக்கு எந்தப் பக்கம் பார்த்து நிக்குது என்று கத்திக் கேட்டேன். "பள்ளத்தப் பாத்துத்தாண்ணா. டயருக்குக் கல்லு குடுத்து, சூடேறட்டும்னு விட்டுருக்கேன்." கண்ணை மூடிக் கேட்டேன். சீராக இருந்தது. பிறகு ஒரு நூல் மேலே போனது. அங்கே நிற்கிற யாருக்கும் தெரிந்திருக்காது. "சாவியத் திருப்பு. திருப்பியும் ஓடுச்சுன்னா வண்டில ஏறாதே, ஒரு பலகையோ தார்ப்பாயோ, கைக்குக் கெடச்சத எடுத்துக் காத்து இழுக்கற குழாய் வாய அடை. நல்லா அடை. ஓடு!" போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான் போலிருக்கிறது, துணி உரசுகிற சத்தம், அவன் மூச்சு, யாரோ என்னடா என்னடா என்று கேட்கிறார்கள், எஞ்சின் நிற்கவில்லை, இன்னொரு நூல், இன்னொன்று, இப்போது நூல் இல்லை, கயிறு, அலறப் போகிறது, என் கை என்னை அறியாமலே முன்னால் நீண்டு ஒரு பலகையை அழுத்துகிற மாதிரி வெயிலை அழுத்திக்கொண்டிருந்தது, எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பிறகு அந்தப் பெருமூச்சு. எனக்குத் தெரிந்த அதே பெருமூச்சு. துணி உரசியது. அவன் குரல் வந்தபோது மிகவும் கிட்டத்தில் இருந்தது, மூச்சு வாங்கிக்கொண்டு, மெதுவாக, தன்னால் கேட்க முடியாது என்பதை மறந்துவிட்டவன் பேசுகிற மாதிரி. "கை வச்சுப் பாத்தேன், அதிரலை. ஆனா கையி நடுங்குது, அதனால நம்ப முடியலீங்க. நீங்க சொல்லுங்கண்ணா. நின்னுருச்சா?" காலையில் உடனே சொல்லிவிட்டேன். இப்போது அவசரப்படவில்லை, போனைக் காதில் அழுத்திக்கொண்டு, தெருவில் யாரும் இருமிவிடக் கூடாதே என்று கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, கரண்ட் இன்னும் கொஞ்ச நேரம் வராமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, கேட்டேன்.